நாலு சின்னப் பையா, ஒரு பெரிய பையா: ஏற்றிய தட்டணு எத்தனை நாள் நிற்கும்?

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வார்டிலிருந்து தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) கேட்டு வரும் சீட்டில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும்: ‘ஆர்.டி.பி. 4 அல்லது எஸ்.டி.பி. 1’. ஆர்.டி.பி. என்பது சாதாரண ரத்ததானத்திலிருந்து பிரித்த சின்னப் பை; எஸ்.டி.பி. என்பது ஒரே கொடையாளியிடம் எந்திரத்தில் எடுத்த பெரிய பை. சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுகிறவரிடம் பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார்: “எஸ்.டி.பி.தாங்க உசத்தி, சேலம் போயிடுங்க.” சில நேரம் அது சரி. பல நேரம் அந்த அலைச்சலில் போகும் ஆறேழு மணி நேரம்தான் நோயாளிக்குப் பெரிய நட்டம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தயாரிப்பு முறையால் தட்டணுவின் ஆயுள் மாறுவது உண்மை; ஆனால் மாறும் அளவு சிறியது. பை எத்தனை நாள் பழசு, எந்தச் சூட்டில் வந்தது, எத்தனை கோடி தட்டணு இருக்கிறது, என்ன குரூப், நோயாளிக்குக் காய்ச்சலா, மண்ணீரல் வீக்கமா என்பவையே பெரிய காரணங்கள். ஒருமுறை மட்டும் ஏற்றப்போகிறவருக்கு அருகில் கிடைக்கும் நல்ல ஆர்.டி.பி. போதும். மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியவருக்குத்தான் வெள்ளணு நீக்கிய எஸ்.டி.பி. தேடிப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

‘நிற்பது’ என்றால் என்ன என்பதைப் பிரித்துக்கொள்வோம். ஏற்றியதில் எவ்வளவு ரத்த ஓட்டத்தில் தங்கியது என்பது ஒன்று. தங்கியது எத்தனை நாள் ஓடியது என்பது இன்னொன்று. நல்ல உடலில் தட்டணுவின் ஆயுள் 8 முதல் 10 நாள். எந்த நேரத்திலும் அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் ஒதுங்கியிருக்கும். ஆகவே மிகப் புதிய பையை ஏற்றினாலும் கவுண்டில் (ரத்தத்தில் எண்ணும் தட்டணு எண்ணிக்கையில்) தெரிவது மூன்றில் இரண்டு பங்குதான். இதற்கு மேல், ரத்தக்குழாய்ச் சுவரைக் கசியாமல் காக்க ஒரு மைக்ரோலிட்டருக்கு நாளொன்றுக்கு 7,000 தட்டணு அளவில் செலவாகிறது. கவுண்ட் 2 லட்சம் இருப்பவருக்கு இந்தச் செலவு தெரியாது. 10,000 இருப்பவருக்கு அதுவே மொத்தக் கையிருப்பு. ஏற்றிய தட்டணு அவரிடம் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துபோவதற்குப் பையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆய்வகத்தில் இதை இண்டியம்-111, குரோமியம்-51 ஆகிய கதிரியக்கக் குறிகளைத் தட்டணுவில் ஏற்றி, கொடையாளிக்கே திருப்பிச் செலுத்தி அளக்கிறார்கள். அமெரிக்காவில் புதிய சேமிப்பு முறைக்கான அளவுகோல் இது: அதே ஆளின் புதுத் தட்டணுவோடு ஒப்பிட்டால் சேமித்த தட்டணுவில் ஓட்டத்தில் தங்குவது 66 விழுக்காடு, ஆயுள் 58 விழுக்காடு இருக்க வேண்டும். அதாவது ஐந்தாம் நாள் பை கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டே விதி எழுதியிருக்கிறார்கள்.

மூன்று வழிகள்

ஆர்.டி.பி. என்பது சாதாரண ரத்ததானப் பையிலிருந்து பிரிப்பது. அதைப் பிரிக்க இரண்டு வழி உண்டு: பி.ஆர்.பி. முறை, பஃபி கோட் முறை. எஸ்.டி.பி. என்பது ஒரே கொடையாளியை அஃபெரிசிஸ் எந்திரத்தில் இணைத்துத் தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவருக்கே திருப்பித் தருவது.

பி.ஆர்.பி. (தட்டணு மிகுந்த பிளாஸ்மா) முறையில் முதலில் சாஃப்ட் ஸ்பின், அதாவது சென்ட்ரிஃபியூஜ் எந்திரத்தில் பையை மிதமாகச் சுழற்றுவது. புவியீர்ப்பின் 2,000 மடங்கு விசையில் சுமார் 3 நிமிடம். கணக்கு எந்திரத்துக்கு எந்திரம் மாறும், ஒவ்வொரு மையமும் தன் சென்ட்ரிஃபியூஜில் சோதித்து நிர்ணயிக்க வேண்டும். சிவப்பணு கீழே இறங்கும், தட்டணு பிளாஸ்மாவோடு (ரத்தத்தின் திரவப் பகுதி) மேலே நிற்கும். அதை அடுத்த பைக்குத் தள்ளி, 5,000 மடங்கில் சுமார் 5 நிமிடம் ஹார்ட் ஸ்பின். இங்கேதான் தட்டணுவுக்குச் சோதனை. பையின் பிளாஸ்டிக் சுவரில் அழுந்தி வில்லையாகப் படிகிறது. 50 முதல் 70 மி.லி. பிளாஸ்மாவை மட்டும் விட்டு மீதியை வெளியேற்றிய பின், அந்தப் பையை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். அவசரத்தில் உடனே அஜிட்டேட்டரில் (பையை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி) போட்டால் வில்லை கரையாமல் கட்டிகளாக உடையும். அந்தக் கட்டிகள் ஏற்றும்போது வடிகட்டியிலேயே நின்றுவிடும். பையில் எண்ணிக்கை இருக்கும், நோயாளிக்குப் போய்ச் சேராது.

பஃபி கோட் முறையில் வரிசை தலைகீழ். முதலில் ஹார்ட் ஸ்பின். மேலே பிளாஸ்மா, அடியில் சிவப்பணு, நடுவில் மோர் மேல் ஆடை போல ஒரு மெல்லிய வெளிர் அடுக்கு. தட்டணுவும் வெள்ளணுவும் அதில்தான். மேலும் கீழும் வாய் உள்ள பையாக இருந்தால் பிளாஸ்மா மேலேயும் சிவப்பணு கீழேயும் ஒரே நேரத்தில் வெளியேறி, ஆடை மட்டும் பையில் தங்கும். கொஞ்சம் பிளாஸ்மா சேர்த்து சாஃப்ட் ஸ்பின் போட்டால் தட்டணு மேலே வரும். முழு ஓட்டத்திலும் தட்டணு சிவப்பணு மெத்தை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, பிளாஸ்டிக்கில் மோதுவதில்லை. அதனால் தயாரித்த அன்று பார்த்தால் பி-செலக்டின் போன்ற ‘தூண்டப்பட்ட’ அடையாளங்கள் பி.ஆர்.பி. தட்டணுவில் அதிகம், பஃபி கோட்டில் குறைவு.

இத்தனை வேறுபாடும் நோயாளி உடலில் தெரிகிறதா? இங்கேதான் பலர் மிகைப்படுத்துகிறார்கள். சேமிப்பு நாள் கூடக்கூட இரண்டுக்குமான இடைவெளி குறைகிறது. குறியிட்டு உடலுக்குள் அளந்த ஆய்வுகளிலும் ஆயுள் வேறுபாடு சிறியதாகவே வருகிறது. பஃபி கோட்டின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: வெள்ளணு குறைவு. பி.ஆர்.பி. பையில் வெள்ளணு 10 கோடி அளவில் இருந்தால் பஃபி கோட் பையில் ஏறத்தாழ ஒரு கோடிதான். ஏற்றியபின் வரும் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வெள்ளணுவாலும் அது சேமிப்பில் உமிழும் சைட்டோகைன் என்ற அழற்சிப் பொருட்களாலும் வருபவை. அந்த வெள்ளணுவே மெல்ல எச்.எல்.ஏ. எதிர்ப்பொருளையும் (அடுத்தவர் அணுக்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களைத் தாக்குவது) கிளப்பிவிடுகிறது. எதிர்ப்பொருள் வந்துவிட்டால் அடுத்து ஏற்றும் தட்டணுவின் ஆயுள் நாள் கணக்கிலிருந்து மணிக் கணக்குக்கு இறங்கும். தயாரிப்பு முறை ஆயுளைத் தொடுவது பெரும்பாலும் இந்தச் சுற்று வழியில்தான்.

இதற்கு 1997-ல் வந்த ‘ட்ராப்’ ஆய்வு தெளிவான சான்று. வெள்ளணு நீக்காத தட்டணு பெற்ற ரத்தப் புற்றுநோயாளிகளில் 45 விழுக்காட்டினருக்கு எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள் உருவானது. வடிகட்டியதோ புற ஊதாக் கதிர் காட்டியதோ பெற்றவர்களில் 17 முதல் 21 விழுக்காடு. கவனிக்க வேண்டியது, வடிகட்டிய பல கொடையாளிப் பைகளுக்கும் வடிகட்டிய ஒற்றைக் கொடையாளிப் பைக்கும் இதில் வேறுபாடு இல்லை. வடிகட்டியதால்தான் பலன், ‘ஒரே ஆளிடம் எடுத்தது’ என்பதால் மட்டும் இல்லை.

அஃபெரிசிஸில் ரத்தம் எந்திரத்துக்குள்ளேயே பிரிகிறது. 60 முதல் 90 நிமிடம் ஆகும். இன்றைய எந்திரங்கள் வெள்ளணுவை 50 லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடும். வடிகட்டி தனியாக வேண்டாம். ஒரு பையில் 200 முதல் 300 மி.லி., குறைந்தது 30,000 கோடி தட்டணு. கொடையாளியின் கவுண்ட் 1.5 லட்சத்துக்கு மேல் வேண்டும், முந்தைய 3 நாளில் ஆஸ்பிரின் தொட்டிருக்கக் கூடாது, கையில் நல்ல நரம்பு வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். எந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் மாத்திரை கொடுத்தால் சரியாகும்.

கணக்கில் ஏமாறும் இடம்

‘நாலு ஆர்.டி.பி. போட்டும் ஏறவில்லை, ஒரு எஸ்.டி.பி. போட்டதும் ஏறிவிட்டது’ என்ற பேச்சில் பாதி வெறும் கூட்டல் கழித்தல். 450 மி.லி. பையிலிருந்து வரும் ஆர்.டி.பி.யில் தரக் கணக்குப்படி குறைந்தது 4,500 கோடி. 350 மி.லி. பை என்றால் 3,500 கோடி. நாலு 350 மி.லி. பைகள் சேர்ந்து 14,000 கோடிதான், எஸ்.டி.பி.யில் பாதிகூட இல்லை. ஆகவே ரத்த மையத்தில் முதலில் கேட்க வேண்டியது ‘எந்த முறை?’ என்றல்ல, ‘எந்த அளவுப் பை, எந்தத் தேதி?’ என்பதைத்தான்.

ஒரே அளவுகோலில் பார்க்க சி.சி.ஐ. (உடல் அளவுக்கும் ஏற்றிய அளவுக்கும் ஏற்பத் திருத்திய கவுண்ட் ஏற்றம்) என்ற கணக்கு உண்டு. ஏறிய கவுண்டை உடல் பரப்பால் பெருக்கி, ஏற்றிய தட்டணுவால் (10,000 கோடியை ஒன்றாக வைத்து) வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரம், 58 கிலோ எடை உள்ளவருக்கு உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர். எஸ்.டி.பி. ஏற்றியதும் கவுண்ட் 8,000-லிருந்து 24,000 ஆனது: 16,000 × 1.6 ÷ 3 = 8,533. அதே ஆளுக்கு 20,000 கோடி கொண்ட நாலு ஆர்.டி.பி. போட்டு 18,500 வந்தால்: 10,500 × 1.6 ÷ 2 = 8,400. கவுண்டைப் பார்த்தால் எஸ்.டி.பி. ஜெயித்த மாதிரி தெரியும். தட்டணுவுக்குத் தட்டணு இரண்டும் ஒன்றுதான்.

‘பிளாடோ’ என்ற பெரிய அமெரிக்க ஆய்வு 2010-ல் வந்தது. புற்றுநோய் மருந்து பெறுவோருக்கும் எலும்பு மஜ்ஜை மாற்று செய்தோருக்கும் தட்டணு அளவைப் பாதியாக்கினாலும் இரட்டித்தாலும் ரத்தக்கசிவு மாறவில்லை. 2012-ல் அதே தரவை மறுபடி அலசியபோது, அஃபெரிசிஸ் பை, ஒத்த குரூப், 3 நாளுக்குள் உள்ள பை ஆகியவை கவுண்டைச் சற்றுக் கூடுதலாக ஏற்றின. ரத்தக்கசிவில் அங்கேயும் மாற்றம் இல்லை. கவுண்ட் ஏறுவதற்காக அல்ல, கசிவு நிற்பதற்காகத்தான் ஏற்றுகிறோம் என்பதை வார்டு வாசலில் யாராவது எழுதி ஒட்டினால் பாதிப் பதற்றம் குறையும்.

பை கெடும் விதம்

தட்டணுவுக்கு வேண்டியது 20 முதல் 24 டிகிரி, ஓயாத அசைவு, காற்றுப் புகும் பை. மூச்சுக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் தட்டணு குளுக்கோஸைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்கும். பிளாஸ்மாவிலுள்ள பைகார்பனேட் தாங்கும்வரை தாங்கும். அது தீர்ந்ததும் பி.எச். சரசரவென்று இறங்கும். 6.2-க்குக் கீழே போனால் தட்டு வடிவம் உப்பிப் பந்தாகிவிடும். பின்னால் பி.எச். ஏறினாலும் அது மீளாது, ஏற்றினால் நிற்காது. பழைய பி.வி.சி. பைகளில் 3 நாளுக்கு மேல் வைக்க முடியாததற்கும், காற்று நன்றாகப் புகும் புதுப் பைகளில் 5 நாள் வைக்க முடிவதற்கும் இதுதான் காரணம். அஜிட்டேட்டர் படுக்கை வாட்டத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 70 முறை ஆட வேண்டும். கரண்ட் போனால் யு.பி.எஸ். அஜிட்டேட்டருக்கு மட்டும் போதாது, அது இருக்கும் இன்குபேட்டருக்கும் வேண்டும்.

கருவி இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்புங்கள். நல்ல தட்டணு என்றால் உள்ளே பட்டு நூல் புரள்வது போல மினுமினுப்பு அலையும். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. மினுமினுப்பே இல்லாமல் கலங்கல் நீர் போலத் தெரிந்தால் தட்டணு பந்தாகிவிட்டது; அந்தப் பையை ஏற்றக் கூடாது.

முகாம் ரத்தத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் பெட்டிக்குள். அரூரிலோ அஞ்செட்டியிலோ முகாம் போட்டு, வெயிலுக்குப் பயந்து பைகளை ஐஸ் மேல் அடுக்கிக் கொண்டுவந்தால் அதிலிருந்து சிவப்பணுவும் பிளாஸ்மாவும் எடுக்கலாம், தட்டணு எடுக்கக் கூடாது. குளிர்ந்த தட்டணுவின் மேற்பரப்பில் புரதங்கள் இடம் மாறிக் கொத்தாகும். கல்லீரல் அதை வேண்டாத பொருளாகக் கண்டு விழுங்கும். 10 நாள் ஆயுள் ஒன்றிரண்டு நாளாகும். 1969-லேயே கண்டறிந்த விஷயம் இது. (அமெரிக்காவில் 2023 முதல் 14 நாள் வரை குளிரில் வைத்த தட்டணுவை அனுமதிக்கிறார்கள். அது ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு, வழக்கமான பை கிடைக்காத இடத்தில் உடனே அடைக்க; நாள் கணக்கில் நிற்பதற்கு அல்ல.) தட்டணு எடுக்கப்போகும் பைகளை 22 டிகிரியில் வைத்த ஜெல் பொதிகளோடு தனிப் பெட்டியில் கொண்டுவந்து, 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவது பாதுகாப்பான கணக்கு.

மையத்துக்குள் அடிக்கடி நடக்கும் பிழை இன்னொன்று: முந்தைய ஓட்டத்துக்கு 4 டிகிரியில் வைத்த சென்ட்ரிஃபியூஜிலேயே தட்டணுப் பையையும் போட்டுவிடுவது. ஊசி குத்துவதிலும் கவனம் வேண்டும். ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பை நிரம்ப 12 நிமிடத்துக்கு மேல் ஆனால் அதில் தட்டணு எடுக்க வேண்டாம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டல். மெதுவாக வரும் ரத்தத்தில் உறைதல் தொடங்கி, தட்டணு முன்பே செலவாகியிருக்கும்.

யாருக்கு எது

டெங்கு: மழைக்காலத்தில் இந்த மாவட்டங்களில் தட்டணுச் சீட்டு வாங்குவோரில் பெரும்பகுதி டெங்கு நோயாளிகளே. டெங்குவில் மஜ்ஜை உற்பத்தியும் குறையும், இருக்கும் தட்டணுவும் அழியும். வெளியிலிருந்து ஏற்றுவதற்கும் அதே கதிதான். 2017-ல் சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் கவுண்ட் 20,000-க்குள் இருந்த பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், கசிவு இல்லாதவருக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. கசிவு இருந்தால் தட்டணு உடனே வேண்டும். அப்போது பென்னாகரத்துக்காரர் தர்மபுரியில் கிடைக்கும் ஆர்.டி.பி.யை விட்டுவிட்டு எஸ்.டி.பி.க்காக சேலம் போவது தவறு. ஆளைக் கூட்டிப்போய், ஊசி போடும் நரம்பு பார்த்து, கவுண்டும் தொற்றுப் பரிசோதனைகளும் முடித்து, ஒன்றரை மணி நேரம் எந்திரத்தில் உட்காரவைத்து, தொப்பூர் கணவாயில் லாரி நெரிசலைத் தாண்டித் திரும்புவதற்குள் இரவு போய்விடும்.

ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை செயலிழப்பு: இவர்களுக்கு முதல் பையிலிருந்தே வெள்ளணு நீக்கியதுதான். எஸ்.டி.பி. கிடைத்தால் அது. இல்லையென்றால் பஃபி கோட் ஆர்.டி.பி.யை வெள்ளணு வடிகட்டியோடு. பல முறை கருவுற்ற பெண்களுக்கு எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள் முன்பே இருக்கக்கூடும் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். மாதக்கணக்கில் தேவைப்படும் என்றால் ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூருவிலும், தர்மபுரிக்காரர்கள் சேலத்திலும் அஃபெரிசிஸ் கொடையாளிகளின் பட்டியலை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஆள் 48 மணி நேர இடைவெளியில் மறுபடி கொடுக்கலாம்; வாரத்துக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு 24 முறை என்பது எல்லை.

நெகட்டிவ் குரூப் பெண்கள், பெண் குழந்தைகள்: ஆர்.டி.பி.யில் கொஞ்சம் சிவப்பணு கலந்திருக்கும். பாசிட்டிவ் பை தவிர வேறு வழி இல்லையென்றால் ஆன்டி-டி ஊசி (பாசிட்டிவ் சிவப்பணுவுக்கு எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பது) பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். 300 மைக்ரோகிராம் ஊசி 15 மி.லி. சிவப்பணு வரை தாங்கும், ஆகவே பல பைகளுக்கு ஒன்றே போதும்.

குரூப் மாற்றிப் போடுவது தட்டணுவில் அனுமதி உண்டு, ஆனால் கவுண்ட் குறைவாக ஏறும். இங்கே எஸ்.டி.பி.க்கு ஒரு பாதகமும் இருக்கிறது: ஓ குரூப் கொடையாளி ஒருவரின் பிளாஸ்மா 250 மி.லி. மொத்தமாக ஏ குரூப் நோயாளிக்குள் போகிறது. அவருடைய எதிர்ப்பொருள் வீரியமாக இருந்தால் நோயாளியின் சிவப்பணு உடையும். நாலைந்து பேரின் ஆர்.டி.பி. என்றால் அந்த வீரியம் பிரிந்துவிடும். கிருமி ஆபத்தில் நிலைமை தலைகீழ்: ஆறு பை என்றால் ஆறு கையில் ஊசி, ஆறு பேரின் தொற்று வாய்ப்பு, எஸ்.டி.பி.யில் ஒரே ஆள்.

ரத்த மையம் நடத்துகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஒரே வரி. பி.ஆர்.பி.யில் இருப்பவர்கள் பஃபி கோட்டுக்கு மாறலாம்; பையின் விலை கூடும், ஆனால் சிவப்பணுப் பையிலும் வெள்ளணு குறையும். அஃபெரிசிஸ் எந்திரம் வாங்குவது அடுத்த கேள்வி. ஒருமுறை மட்டுமே பயன்படும் கிட்டின் விலை ஆயிரக்கணக்கில் வரும், கூப்பிட்டால் வரும் கொடையாளிகளும் வேண்டும்.

வண்டியிலும் வார்டிலும்

சேலத்திலிருந்து தர்மபுரி சுமார் 65 கி.மீ., பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 90 கி.மீ. அந்தத் தூரத்துக்கு ஆட்டாமல் கொண்டுவருவதால் பை கெடாது. சூடும் ஐஸும்தான் கெடுக்கும். பையைக் காரின் டிக்கியில் வைக்காதீர்கள், பைக்கின் டேங்க் கவரில் வைக்காதீர்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் இல்லாமல், ஏ.சி. ஓடும் இருக்கையில் வைத்துக் கொண்டுவாருங்கள். வழியில் டீக்கடை நிறுத்தம் என்றால் பெட்டியும் கூட இறங்கட்டும்.

வார்டில் பையை வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வாங்கிய உடன் புதிய ரத்த செட்டில் (வடிகட்டியுள்ள ஏற்றும் குழாய்) 20 முதல் 30 நிமிடத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். சிவப்பணு ஏற்றிய அதே செட்டைத் திரும்பப் பயன்படுத்தினால், அந்த வடிகட்டியில் ஒட்டியிருப்பவற்றில் தட்டணுவும் சிக்கிக்கொள்ளும்.

ஏற்றி முடித்த 10 முதல் 60 நிமிடத்துக்குள் ஒரு கவுண்ட், மறுநாள் அதே நேரத்தில் ஒரு கவுண்ட். முதல் கவுண்ட் நன்றாக ஏறி மறுநாள் விழுந்தால் காய்ச்சல், சீழ்த்தொற்று, ரத்தக்கசிவு என்று நோயாளியிடம் காரணம் தேட வேண்டும், எஸ்.டி.பி.க்கு மாறுவதால் அது மாறாது. முதல் கவுண்டே ஏறாமல், ஒத்த குரூப்பில் புதிய பை போட்டும் இரண்டாம் முறை சி.சி.ஐ. 5,000-க்குக் கீழேயே நின்றால், மண்ணீரல் வீக்கம் இல்லையென்று பார்த்துவிட்டு எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதன்பின் தேட வேண்டியது எச்.எல்.ஏ. பொருந்திய கொடையாளி. அந்த ஒரு இடத்தில் மட்டும் அஃபெரிசிஸுக்கு மாற்று கிடையாது.